எடுத்த இடத்துக்குப் பக்கத்துலயே மறுபடியும் கட்டி... யாருக்காவது இப்படி ஆகியிருக்கா?

வேப்பம்பூ:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. வயசு 27, ஈரோடு பக்கம். கல்யாணம் ஆகலை. ரெண்டு வருஷம் முன்னாடி இடது மார்புல ஒரு கட்டி எடுத்தாங்க. ஃபைப்ரோஅடினோமா, சாதாக் கட்டிதான், பயப்பட ஒண்ணுமில்லைன்னு சொல்லித்தான் எடுத்தாங்க. தையல் பிரிச்சாச்சு, தழும்பும் வெளுத்துருச்சு, நானும் மறந்தே போயிட்டேன். போன மாசம் குளிக்கறப்ப அதே தழும்புக்குக் கீழ கை நின்னுருச்சு. சின்னதா, கெட்டியா இருக்கு, விரல் வச்சா நழுவி ஓடுது. முதல் தடவையும் இப்படியேதான் இருந்துச்சு.

எங்கம்மா "கத்தி வச்சதாலதான் மறுபடி கிளம்பியிருக்கு, அப்பவே வேண்டாம்னு சொன்னேன்"ங்கறாங்க. பெரியம்மாவுக்கு 60 வயசுக்கு மேல மார்புல புத்து வந்து எடுத்தாங்க. அது வேற மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு. இந்த நேரத்துலதான் வீட்டுல ஜாதகத்தை வெளிய எடுத்திருக்காங்க.

எடுத்த கட்டி திரும்ப வருமாங்க? வந்தா அது வேற ஏதோவா மாறிடுச்சுன்னு அர்த்தமா? மறுபடியும் ஆபரேஷன்தானா? பழைய ஆஸ்பத்திரியில டிஸ்சார்ஜ் சம்மரின்னு ஒரே ஒரு தாள்தான் கொடுத்தாங்க. அதுல கட்டியை எடுத்தாச்சுங்கறதுக்கு மேல ஒண்ணுமே இல்லை. ராத்திரி லைட்டை அணைச்சா கை தானா அங்கதான் போகுது. தூக்கமே வர மாட்டேங்குது.

சாரல்:
வேப்பம்பூ, முதல்ல மூச்சு விடும்மா. எனக்கு இப்ப 38 வயசு. காலேஜ் படிக்கும்போது வலது பக்கம் ஒண்ணு எடுத்தாங்க. வேலைக்குச் சேர்ந்த புதுசுல அதே பக்கம் இன்னொண்ணு. அதையும் எடுத்தாங்க. அப்புறம் இடது பக்கம் ஒண்ணு வந்துச்சு, வலது பக்கமும் பழையபடி. அப்பத்தான் ஒரு சர்ஜன் அம்மா சொன்னாங்க, "உன் மார்பு இந்தக் கட்டியை உண்டாக்குற வகை. வர்றதையெல்லாம் வெட்டிட்டே போனா கடைசியில தழும்புதான் மிஞ்சும்"னு. ஊசி போட்டு டெஸ்ட் பண்ணி, சாதாக் கட்டின்னு உறுதி பண்ணிட்டு ரெண்டையும் அப்படியே விட்டுட்டாங்க.

இன்னைக்கும் ரெண்டும் உள்ளதான் இருக்கு. வருஷத்துக்கு ஒரு தடவை ஸ்கேன். பெரியவன் வயித்துல இருக்கும்போது ஒண்ணு நல்லாவே பெருசாச்சு, பால் குடி மறந்தப்புறம் பழைய அளவுக்கு வந்துருச்சு. ரெண்டு பிள்ளைங்களுக்கும் ரெண்டு பக்கமும் பால் கொடுத்தேன்.

ஒவ்வொரு தடவை புதுசா கையில தட்டுப்படும்போதும் வயிறு கலங்கத்தான் செய்யும். அது மட்டும் பழகவே இல்லை எனக்கு.

மாடித்தோட்டம்:
ஆபரேஷனுக்கு அவசரப்படாதீங்க சிஸ்டர். கழற்சிக்காய்ப் பருப்பும் மிளகும் இடிச்சு ஒரு மண்டலம் காலையில வெறும் வயித்துல சாப்பிடுங்க. ராத்திரி விளக்கெண்ணெயைச் சூடு பண்ணி ஒத்தடம். எங்க நாத்தனாருக்கு ரெண்டே மாசத்துல கட்டி கரைஞ்சு போச்சு, ஸ்கேன்லயே காணோம். இங்கிலீஷ் மருத்துவத்துல வெட்டத்தான் தெரியும், வேரை அறுக்கத் தெரியாது.

கண்ணாடித்தகடு:
அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் நோய்க்கூறியல் துறையில் இருந்து ஓய்வு பெற்றவள் நான். நீங்கள் எடுத்துக் கொடுக்கும் கட்டியை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்த்து ரிப்போர்ட் எழுதியே முப்பது வருஷம் போயிற்று. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேப்பம்பூ, "திரும்பி வந்த கட்டி" என்று தனியாக ஒரு நோய் கிடையாது. வெளியே கைக்கு ஒரே மாதிரி தட்டுப்படுகிற நாலைந்து வேறு வேறு சங்கதிகளை நாம் அந்தப் பெயரில் சொல்கிறோம். உங்கள் வயதில் பெரும்பாலும் நடப்பது, பழைய கட்டிக்குப் பக்கத்திலேயே புதிதாக இன்னொரு ஃபைப்ரோஅடினோமா வளர்வது. இது பெரும்பாலும் 15 முதல் 35 வயது வரைக்குமான கட்டி, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனுக்கு ஆடும். அதனால்தான் சாரலுக்கு கர்ப்பத்தில் பெரிதாகிப் பிறகு சுருங்கியது; மாதவிடாய் நின்ற பிறகு பலருக்குத் தானே சுருங்கிவிடும். இது வருகிறவர்களில் பத்தில் ஒருவருக்கோ இருவருக்கோ ஒன்றுக்கு மேல் இருக்கும். முதல் ஆபரேஷன் சமயத்தில் அந்த இரண்டாவது, ஸ்கேனில் தெரியாத அளவுக்குச் சின்னதாக இருந்திருக்கலாம். அப்படியானால் எடுத்தது திரும்பவில்லை, தங்கை வந்திருக்கிறாள், அவ்வளவுதான்.

கட்டியின் ஒரு ஓரம் உள்ளே தங்கி அது மறுபடி வளர்வதும் உண்டு, ஆனால் குறைவு. மூன்றாவது, ஆபரேஷனே உண்டாக்குகிற கெட்டி: ஆறும்போது நீர் கோத்துக்கொள்வது, ரத்தம் உறைந்து நிற்பது, அடிபட்ட கொழுப்பு செத்துக் கெட்டியாவது, தையல் நூலைச் சுற்றிச் சதை திரள்வது. இதில் செத்த கொழுப்பு பொல்லாதது. கல் போல் இருக்கும், தோலைக்கூட உள்ளிழுக்கும், மம்மோகிராமில், அதாவது மார்பு எக்ஸ்ரேயில், புற்று மாதிரியே வேஷம் போடும். ஆனால் அது பொதுவாக நழுவி ஓடாது.

நான்காவதுக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். ஃபிலாய்ட்ஸ் கட்டி. மார்பகக் கட்டிகளில் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. 40 வயதை ஒட்டி அதிகம், இளம் வயதிலும் வரும். கைக்கும் ஸ்கேனுக்கும் ஃபைப்ரோஅடினோமா போலவே இருக்கும். இதில் சாது, இடைப்பட்டது, புற்று என்று மூன்று தரம். பெரும்பாலானவை சாதுதான். ஆனால் சாதுவும் திரும்ப வரும், சுமார் பத்தில் ஒருவருக்கு, அதுவும் முதல் இரண்டு மூன்று வருஷத்துக்குள். இடைப்பட்டதாகவோ புற்றாகவோ இருந்தால் கட்டியை மட்டும் தோண்டி எடுத்தால் போதாது, ஓரமாகச் சுற்றியுள்ள சதையோடு சேர்த்து எடுக்க வேண்டும்.

இதில் எது உங்களுடையது என்பதை உங்கள் விரலும் சொல்லாது, என் ஊகமும் சொல்லாது. பழைய பயாப்ஸி ரிப்போர்ட்டும் புது ஸ்கேனும் சொல்லும். உடம்பிலிருந்து எடுத்த எந்தக் கட்டியையும் நோய்க்கூறியலுக்கு அனுப்பித்தான் ஆக வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி அந்த ரிப்போர்ட் ஆகாது. ஐ.பி. நம்பரையும் ஆபரேஷன் தேதியையும் எழுதி மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் கேளுங்கள். மெழுகுக்கட்டியும் கண்ணாடித் தகடும் பல வருஷம் பத்திரமாக இருக்கும். கேட்டு வாங்கி வேறொருவரிடம் காட்டலாம், அது உங்கள் உரிமை.

30 வயதுக்குள் முதலில் அல்ட்ராசவுண்ட்தான். இளம் மார்பின் திசு அடர்த்தியானது, மம்மோகிராமில் எல்லாம் வெள்ளையாகத் தெரியும். ஊசிப் பரிசோதனை என்றால் முடிந்தவரை ட்ரூகட் கேளுங்கள். எஃப்.என்.ஏ.சி. மெல்லிய ஊசி, உதிரி செல்கள்தான் வரும். ட்ரூகட்டில் சதைத்துண்டே வரும். ஃபிலாய்ட்ஸா ஃபைப்ரோஅடினோமாவா என்று பிரிக்க நடுவிலுள்ள இழைச் சதையைப் பார்க்க வேண்டும். அதிலும் சில சமயம் எங்களால் அடித்துச் சொல்ல முடியாது, "நிராகரிக்க இயலாது" என்று எழுதுவோம். அந்த வரி இருந்தால் கட்டியை எடுத்துவிடுவதே சரி.

உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள்: கத்தி பட்டதால் சாதாக் கட்டி புற்றாக மாறாது. சாதாரண ஃபைப்ரோஅடினோமா இருந்தது என்பதற்காகப் புற்று அபாயம் பெரிதாகக் கூடுவதும் இல்லை. பெரியம்மாவுக்கு 60க்கு மேல் வந்தது உங்கள் கணக்கில் சின்ன எடைதான். 40க்குள் வந்திருந்தாலோ, குடும்பத்தில் இரண்டு மூன்று பேருக்கு மார்பிலோ சினைப்பையிலோ வந்திருந்தாலோ வேறு பேச்சு.

மாடித்தோட்டம் அவர்களே, இளம் பெண்களின் ஃபைப்ரோஅடினோமா கணிசமானவர்களுக்குத் தானே சுருங்கும், மறையவும் மறையும். அந்தச் சமயத்தில் எதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோமோ அதற்குப் பேர் வந்துவிடும். கழற்சிக்காய் இதைக் கரைத்ததாகச் சரியான ஆய்வு எதையும் நான் பார்த்ததில்லை. டெஸ்ட் முடித்து சாதாக் கட்டி என்று தெரிந்த பிறகு அவரவர் விருப்பம். டெஸ்டுக்குப் பதிலாக ஒரு மண்டலம் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மாடித்தோட்டம்:
நீங்க ஆயிரம் சொல்லுங்க மேடம், எங்க நாத்தனாருக்குக் கரைஞ்சது கரைஞ்சதுதான். ஆனா டெஸ்ட் பண்ண வேண்டாம்னு நான் எங்கயும் சொல்லலை.

பனங்கூடல்:
வணக்கம் பிள்ளை. நான் யாழ்ப்பாணம், வயசு 45. மேல அக்கா சொன்ன அந்த ஃபிலாய்ட்ஸ்தான் எனக்கு வந்தது, அதால எழுதுறன்.

முதல்முறை ஒரு தனியார் இடத்தில வெட்டி எடுத்தவை. "சின்னக் கட்டி, ஒண்டுமில்லை" எண்டு அனுப்பிப்போட்டினம். பதோலஜி ரிப்போட் வந்ததோ, வரேல்லையோ, ஆரும் எனக்குச் சொல்லேல்லை. ஒரு வருசத்தால அதே இடத்தில திரும்ப வந்திட்டுது. இந்தமுறை கெதியா வளந்தது, பிளவுஸ் ஒரு பக்கம் இறுக்கத் தொடங்கினாப் பிறகுதான் எனக்கே விளங்கினது. போதனா வைத்தியசாலைக்குப் போனன். பழைய இடத்திலயிருந்து கண்ணாடித் துண்டை எடுப்பிச்சுப் பாத்தால் முதல் கட்டியே ஃபிலாய்ட்ஸாம். சாதுவான வகைதான், ஆனால் விளிம்பு வரைக்கும் கட்டி இருந்திருக்கு.

ரெண்டாவது சத்திரசிகிச்சையில கட்டியைச் சுத்தி நல்ல சதையும் சேத்து எடுத்தவை. மார்பு ஒரு பக்கம் கொஞ்சம் குழி விழுந்துதான் கிடக்கு. கீமோ, கதிர் ஒண்டும் தேவைப்படேல்லை. ஆறு மாதத்துக்கு ஒருக்கா கிளினிக், இப்ப வருசத்துக்கு ஒருக்கா. திரும்ப வரேல்லை.

உமக்கு அதுதான் எண்டு நான் சொல்ல வரேல்லை, பயப்பிடாதேயும். அந்தப் பழைய ரிப்போட்டை மட்டும் விடாமல் தேடி எடும். கெதியா வளருதோ எண்டும் கவனியும். இஞ்ச 35 வயசுக்கு மேற்பட்ட பொம்பிளையளுக்கு சுகவனிதையர் கிளினிக்கில இலவசமா மார்பு பாப்பினம். எங்கட பக்கத்து ஆக்கள் ஆரும் வாசிச்சால் வெக்கப்படாமல் போங்கோ.

சேலம்காரன்:
ஆம்பளை ஒருத்தன் நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். வீட்டுக்காரிக்கு 29 வயசு. கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு கட்டி எடுத்திருக்காங்க. இப்ப குழந்தைக்கு நாலு மாசம். அதே மார்புல மறுபடி கட்டி தெரியுது. எங்கம்மா "பால் கட்டியிருக்கு, அந்தப் பக்கம் கொடுக்காதே, மல்லிப்பூ வச்சுக் கட்டு"ங்கறாங்க. மாமியார் வீட்டுல "முதல்ல டாக்டர்கிட்டப் போ"ங்கறாங்க. அவ ரெண்டு பேர் பேச்சையும் கேட்டு அழுதுட்டு உட்கார்ந்திருக்கா. பால் கொடுக்கும்போது ஸ்கேன் எடுக்கலாமா? நான் என்ன பண்ணணும்?

நைட் டூட்டி:
சேலம்காரன் தம்பி, நான் சர்ஜிகல் வார்டு ஸ்டாஃப் நர்ஸ். வந்து கேட்டதே நல்ல காரியம்.

ஸ்கேன் தாராளமா எடுக்கலாம், பாலுக்கோ குழந்தைக்கோ ஒண்ணும் ஆகாது. பால் கொடுத்து முடிச்ச உடனே போனா மார்பு லேசா இருக்கும், படமும் தெளிவா வரும். அந்தப் பக்கம் கொடுக்கறதை நிறுத்தச் சொல்லாதீங்க. நிறுத்தினா பால் தேங்கி வலியும் காய்ச்சலும் வந்து சேரும். இந்த நேரத்துல பால் தேங்கின நீர்க்கட்டியும் வரும், பழைய ஃபைப்ரோஅடினோமா ஊதிப் பெருசாகறதும் உண்டு. செவந்து, சுட்டு, காய்ச்சல் அடிச்சா மட்டும் அன்னைக்கே கூட்டிட்டுப் போங்க. சீழ் வச்சாலும் இப்பல்லாம் பெருசா கீறி விடுறது குறைவு, ஸ்கேன் பார்த்து ஊசியால இழுத்துடறாங்க.

"பால் கட்டி"ன்னு கையால தொட்டு மட்டும் யாரு சொன்னாலும், அது டாக்டராவே இருந்தாலும், ரெண்டு வாரத்துல கரையலைன்னா ஸ்கேன் இல்லாம நம்பாதீங்க. பிள்ளை பெத்த பொண்ணுங்களுக்குக் கெட்ட கட்டி வந்தா லேட்டாத் தெரியறதுக்குக் காரணமே இந்தப் பேருதான். அபூர்வம்தான், ஆனா எங்க வார்டுல பார்த்திருக்கேன். தேவைப்பட்டா பால் கொடுக்கும்போதே ட்ரூகட்டும் பண்ணலாம். ஊசி போட்ட வழியா கொஞ்ச நாள் பால் கசியற வாய்ப்பு இருக்கு, அதுவும் எப்பவாவதுதான்.

அம்மாவும் மாமியாரும் பேசறதை நீங்க வாங்கிக்கோங்க, அவ காதுல போட வேண்டாம்.

வேப்பம்பூ, உனக்கு ஒண்ணு. ராத்திரி கை தானா போகுதுன்னு எழுதியிருந்தே பாரு, முதல்ல அதை நிறுத்தணும். அமுக்கி அமுக்கிப் பார்த்தா வலிக்கும், வலிச்சா கட்டி வளருதோன்னு தோணும், மறுபடி அமுக்குவே. எங்ககிட்ட வர்ற பொண்ணுங்கள்ல சிலருக்கு அந்த இடமே கன்னிப்போய் இருக்கும். மாசத்துக்கு ஒரு தடவை, பீரியட்ஸ் முடிஞ்ச ரெண்டு மூணு நாள்ல, விரல் நுனியை விட்டுட்டு விரலோட தட்டையான பாகத்தால, அக்குள் வரைக்கும் தடவிப் பாரு. வர்றதுக்கு முந்தின வாரம் தொடவே தொடாதே, அப்ப எல்லாருக்குமே நெறிகட்டின மாதிரிதான் இருக்கும்.

சேலம்காரன்:
ரொம்ப நன்றிங்கக்கா. நாளைக்கே கூட்டிட்டுப் போறேன்.

வேப்பம்பூ:
எல்லாருக்கும் நன்றிங்க. கண்ணாடித்தகடு அம்மா எழுதினதை அப்படியே எங்கம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். "தங்கை வந்திருக்கா"ன்னதும் சிரிச்சுட்டாங்க. ஆனா கத்தி விஷயத்துல இன்னும் நம்பலை.

பழைய ஆஸ்பத்திரியில ரெக்கார்ட்ஸ் ரூம்ல "ரெண்டு வருஷத்துக்கு முந்தினதா, கஷ்டம்மா"ன்னு இழுத்தாங்க. எழுதிக் கொடுத்துட்டு, உட்கார்ந்தே இருந்தேன். மத்தியானம் கொடுத்துட்டாங்க! ரிப்போர்ட்ல ஃபைப்ரோஅடினோமான்னுதான் இருக்கு. ஆனா அதுக்குக் கீழ "இழைத்திசுவில் செல்கள் சற்று அதிகம்"ங்கற அர்த்தத்துல ஒரு வரி இருக்குங்க. அதைப் பார்த்ததுல இருந்து மறுபடி வயித்தைக் கலக்குது.

ஸ்கேனும் எடுத்தாச்சு. 1.6 செ.மீ., ஓரம் ஒழுங்கா இருக்காம், ஸ்கேன்ல கட்டிக்குப் போடற தர எண்ணுல பைராட்ஸ் 3ன்னு போட்டிருக்காங்க. சர்ஜன் "ஆறு மாசம் கழிச்சு மறுபடி ஸ்கேன் பார்க்கலாம், இல்லை ட்ரூகட் பண்ணலாம், இல்லை எடுத்தே ஆகணும்னா எடுத்துடலாம், நீ யோசிச்சு சொல்லு"ன்னுட்டார். நான் என்னத்தைங்க யோசிக்கறது? படிச்சவரே மூணு வழி சொன்னா நான் எதுல போறது?

துணிச்சல்காரி:
எடுத்துடு. யோசிக்கவே யோசிக்காதே. எனக்கு இதுவரைக்கும் மூணு தடவை எடுத்தாச்சு. ஒவ்வொரு தடவையும் அன்னைக்கு ராத்திரிதான் நிம்மதியாத் தூங்கினேன். அரைமணி நேர ஆபரேஷன், சாயங்காலம் வீடு. ஆறு மாசம் "அது என்னவோ, எப்படியோ"ன்னு உசுரைக் கையில பிடிச்சுட்டு இருக்கறதுக்கு வெட்டி எறிஞ்சுட்டுப் போயிடலாம். தழும்பு யாரு பார்க்கப் போறா?

சாரல்:
நான் இதுக்கு நேர் எதிர். நிம்மதிக்காக ஆபரேஷன்னா, அடுத்த கட்டி வர்ற வரைக்கும்தான் அந்த நிம்மதி. உங்களுக்கே மூணு தடவை ஆச்சே! நானும் ரெண்டு எடுத்துட்டுத்தான் சொல்றேன். வலது பக்கம் ஸ்கேன் எடுக்கும்போதெல்லாம் அந்த டாக்டர் "இது தழும்பா, கட்டியா"ன்னு ரொம்ப நேரம் அழுத்திப் பார்ப்பாங்க. ஆபரேஷன் ஆகாத இடது பக்கம் சட்டுனு முடிஞ்சுடும்.

துணிச்சல்காரி:
உங்களால உள்ள வச்சுட்டு நடமாட முடியுது. என்னால முடியலை. எங்க அம்மாவை நான் இதே நோய்ல பறிகொடுத்தவ. ஸ்கேன் ரிப்போர்ட்ல இருக்கற நம்பரை வச்சு என் மனசு சமாதானம் ஆகாது.

சாரல்:
ஐயோ, தெரியாதுங்க. அப்படின்னா உங்க முடிவு உங்களுக்குச் சரிதான். வேப்பம்பூ நிலைமை வேறன்னுதான் சொல்ல வந்தேன்.

கண்ணாடித்தகடு:
இரண்டு பேரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. துணிச்சல்காரி, அம்மாவுக்கு எந்த வயதில் வந்தது என்பதைப் பொறுத்து, உங்களுக்கு ஸ்கேனோடு நிற்காமல் மரபணு ஆலோசனையும் தேவைப்படலாம். உங்கள் டாக்டரிடம் அதைத் தனியாகக் கேளுங்கள்.

வேப்பம்பூ, பைராட்ஸ் 3 என்றால் புற்றாக இருக்கும் வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல் இல்லை என்று பொருள். அதனால்தான் ஆறு மாதம் பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார்கள். வேறு யாராவது கேட்டிருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். உங்கள் பழைய ரிப்போர்ட்டில் அந்த ஒரு வரி இருப்பதால் மட்டும் ட்ரூகட் பக்கம் சாய்கிறேன். செல்கள் சற்று அதிகமான ஃபைப்ரோஅடினோமா இளம் பெண்களிடம் சகஜம், அதைப் படித்துக் கலங்க வேண்டாம். என்றாலும் அதே இடத்தில் மறுபடி ஒன்று வந்திருக்கும்போது பழைய தகட்டை இன்னொரு முறை பார்க்கச் சொல்வது தப்பில்லை. மெழுகுக்கட்டியைக் கேட்டு வாங்கி, ட்ரூகட் செய்கிற இடத்திலேயே கொடுங்கள். பழசையும் புதுசையும் ஒரே ஆள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். இரண்டும் ஃபைப்ரோஅடினோமா என்றால் எடுப்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம். 3 செ.மீ.யைத் தாண்டினாலோ, அடுத்த ஸ்கேனில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வளர்ந்திருந்தாலோ எடுத்துவிடலாம்.

கருவேப்பிலை:
இடையில ஒரு சந்தேகம். என் டாக்டர் இதே கட்டிக்கு ஆர்மெலாக்சிஃபீன்னு ஒரு மாத்திரை எழுதியிருக்கார். மெடிக்கல்ல கேட்டா அது கருத்தடை மாத்திரைங்கறாங்க. தப்பா எழுதிட்டாரா?

நைட் டூட்டி:
தப்பில்லைம்மா. லக்னோ ஆராய்ச்சிக் கூடத்துல கண்டுபிடிச்ச நம்ம நாட்டு மாத்திரை அது. சஹேலின்னு கடையில விக்கும், சாயாங்கற பேர்ல அரசாங்கத்துலயே இலவசமா கொடுக்கறாங்க. ஈஸ்ட்ரோஜனை மார்புல வேலை செய்ய விடாம மறிக்கறதால சில சர்ஜன்கள் மார்பு வலிக்கும் இந்தக் கட்டிக்கும் கொஞ்ச மாசம் கொடுப்பாங்க. சிலருக்குச் சுருங்கும், சிலருக்கு அசையாது. பீரியட்ஸ் தள்ளிப் போகும், பதறாதே. குழந்தைக்கு முயற்சி பண்றதா இருந்தா மட்டும் முதல்லயே டாக்டர்கிட்டச் சொல்லிடு.

வேப்பம்பூ:
கண்ணாடித்தகடு அம்மா சொன்ன மாதிரி ட்ரூகட்டுக்குத் தேதி வாங்கியாச்சு. மெழுகுக்கட்டிக்கும் எழுதிக் கொடுத்திருக்கேன்.

இன்னொண்ணு கேட்கணும், சிரிக்காதீங்க. வர்ற மாசம் ஒரு இடத்துல இருந்து பார்க்க வர்றாங்க. இதைச் சொல்லணுமா? எங்கம்மா "வாயைத் திறக்காதே"ங்கறாங்க.

துணிச்சல்காரி:
நான் சொன்னேன். ஒரு இடம் அதோட நின்னு போச்சு. "பொண்ணுக்கு ஏதோ நெஞ்சுல வியாதி"ன்னு தரகர் நாலு வீட்டுல பரப்பினதுதான் மிச்சம். அடுத்து வந்தவர்கிட்ட நானே தனியாப் பேசும்போது சொன்னேன். "எங்கக்காவுக்கும் இருந்துச்சு"ன்னார். அவரைத்தான் கட்டிக்கிட்டேன். பெரியவங்க கூட்டத்துல போட்டு உடைக்காதே, அவர்கிட்ட மட்டும் சொல்லு.

மாடித்தோட்டம்:
அம்மா சொல்றதுதான் சரி சிஸ்டர். காய்ச்சல் வந்ததையெல்லாமா சொல்லிட்டு இருக்கோம்? கல்யாணத்துக்கு அப்புறம் பேசிக்கலாம்.

நைட் டூட்டி:
சொல்றதும் சொல்லாததும் உன் விருப்பம். இதனால கர்ப்பத்துக்கும் பாதிப்பில்லை. பால் கொடுக்கறதும் பெரும்பாலும் தடைப்படாது. காம்பைச் சுத்தி இருக்கற கருவளையத்துல கீறியிருந்தா மட்டும் சிலருக்குப் பால் குழாய் கொஞ்சம் அறுபடலாம். அதனால மறுபடி எப்பவாவது எடுக்க வேண்டி வந்தா, இன்னும் குழந்தை பெத்துக்கலைன்னு சர்ஜன்கிட்ட வாய் விட்டுச் சொல்லு.

சேலம்காரன்:
ஸ்கேன் பார்த்தோம்ங்க. பால் தேங்கின நீர்க்கட்டிதான். ஊசியால இழுத்தாங்க, கெட்டிப் பாலா வந்துச்சு. அம்மாகிட்ட "நீங்க சொன்னதுதான் சரி"ன்னுட்டேன், வீடு அமைதியா இருக்கு.

வேப்பம்பூ:
ரிப்போர்ட் வந்துருச்சுங்க! பழசையும் புதுசையும் ஒருத்தரே பார்த்தாங்க. ரெண்டும் ஃபைப்ரோஅடினோமாதான், ஃபிலாய்ட்ஸ் அடையாளம் இல்லைன்னு தெளிவாவே எழுதியிருக்காங்க. நான் இப்போதைக்கு எடுக்கலை. ஆறு மாசம் கழிச்சு ஸ்கேன். அம்மாவுக்கு இதுல இஷ்டமே இல்லை. அப்ப கத்தி வேண்டாம்னவங்க இப்ப "எடுத்துத் தொலைச்சிடேன்"ங்கறாங்க, என்னத்தைச் சொல்ல. பயம் போயிடுச்சான்னா முழுசாப் போகலை. ஆனா ராத்திரி கையைத் தலையணைக்கு அடியில வச்சுட்டுத் தூங்கப் பழகிட்டேன்.

பனங்கூடல் அக்கா, நீங்க சொல்லலைன்னா அந்த ரெக்கார்ட்ஸ் ரூம்ல அவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

பனங்கூடல்:
நல்ல செய்தி பிள்ளை, மனம் குளிர்ந்திட்டுது. அந்த ஆறு மாத ஸ்கானை மட்டும் தவற விடாதேயும். கலியாணம் நடந்தாலும் விடாதேயும்.

கருவேப்பிலை:
எனக்கும் ட்ரூகட் எழுதிட்டாங்க. வேப்பம்பூ, வலிச்சுதா? உண்மையைச் சொல்லுங்க.

வேப்பம்பூ:
மரத்துப் போற ஊசி போடும்போது சுருக்குன்னு எரியும். அது மட்டும்தான் வலி. அப்புறம் துண்டு எடுக்கற ஊசி பெருசா இருக்கும், அதைப் பார்க்காதீங்க, சுவர்ப் பக்கம் திரும்பிக்கோங்க. ஒவ்வொரு தடவையும் டக்குன்னு சத்தம் வரும். அதுக்குத்தான் உடம்பு தூக்கிப் போடுது. முன்னாடியே ஒரு தடவை வெளிய அழுத்திக் காட்டச் சொல்லிக் கேளுங்க, எனக்குக் காட்டினாங்க. முடிஞ்சதும் அந்த இடத்தை நர்ஸ் அழுத்திப் பிடிச்சுட்டே இருந்தாங்க, அப்புறம் ஐஸ் வச்சாங்க. மறுநாள் ஊதா கலர்ல கன்னி, மஞ்சளாகி, தானா போயிடுச்சு. ரத்தம் நீர்க்கற மாத்திரை ஏதாவது சாப்பிட்டா முன்கூட்டியே சொல்லிடுங்க. முன்னாடி பட்டன் வச்ச சட்டையும், கொஞ்சம் இறுக்கமான உள்ளாடையும் போட்டுட்டுப் போங்க. வண்டியை நீங்க ஓட்டிட்டுப் போகாதீங்க, நான் பஸ்ல திரும்பி வந்து, ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் டிரைவரைத் திட்டிட்டே வந்தேன்.